மறுமொழி: ஸ்விங் ஆக்சிலுக்கு ‘ஊசலச்சு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்விங் ஆக்சில் என்னும் கார் அச்சுக்குத் தமிழ்ச்சொல்லாக நண்பர் முன்மொழிந்த ‘ஊசலச்சு’ நாவில் எளிதாகப் படிகிறது. ஆனால் ஊசல் என்றதும் ஒரு நடுநிலையின் இருபுறமும் மாறி மாறி ஆடுவதே மனத்தில் தோன்றுவதால், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் இந்தப் பின்னச்சு எப்படி இயங்குகிறது என்பதை அச்சொல் மறைத்துவிடும் என அஞ்சுகிறேன். இதில் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டு வளைந்துகொடுக்கும் மூட்டு, எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் பக்கம் மட்டுமே உண்டு. சக்கரமோ தண்டுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். முன்கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மணிக்கட்டில் கீழ்நோக்கி மடித்து, முழங்கையை மட்டும் அசைத்துப் பாருங்கள்: கை தாழத் தாழ விரல்நுனி உடலை நோக்கி வரும். சக்கரத்தின் அடிப்பகுதியும் அப்படித்தான் உள்ளே மடங்குகிறது. கீலில் திரும்பும் கதவின் இயக்கம் இது. ஆகவே ‘கீல் அச்சு’ என்பது என் பரிந்துரை. சேர்த்து எழுதினால் பேச்சில் ‘கீழச்சு’ என்று ஒலிக்கக்கூடும் என்பதால் பிரித்தே எழுதலாம்.

மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் இதற்கு நல்ல சோதனை. 1954-இல் வந்த கூபேயின் (மூடிய கூரை வகை) அச்சு, 1957-இன் ரோட்ஸ்டரில் (திறந்த வகை) கீல் தாழ்த்தப்பட்டுத் திருத்தம் பெற்றது. அதைத் ‘தாழ்கீல் அச்சு’ என்றால் உடனே விளங்கும். ‘தாழ் ஊசலச்சு’ என்றால் எது தாழ்ந்தது என்று கேட்க வேண்டிவரும்.

ஜாக்கிங் (jacking) என்னும், வண்டியின் பின்பகுதி எழும்பும் விளைவுக்குத்தான் நல்ல சொல் அவசரமாகத் தேவை. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளும் விசை, உயரத்தில் உள்ள கீலை மேலே தூக்குகிறது. பின்பகுதி எழும்ப, சக்கரம் மடங்க, டயரின் பிடி சட்டென்று குறைந்து வண்டியின் வால் வெளியே வீசப்படுகிறது. ஓட்டுநர் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ‘உயர்த்தல்’ என்றால் வேறொருவர் தூக்குவதுபோல் ஆகிவிடும். நாம் நுனிக்காலில் எம்புவதைப் போல வண்டி தானே எழுவதால் ‘எம்பல்’ என்பேன்.

எம்பலைக் குறைக்க 1970-இல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் வந்த ஸ்விங் ஸ்பிரிங்கை ‘ஊசல்வில்’ எனக் கூடாது. அங்கே பட்டைவில்லின் பெரும்பகுதி நடுவில் தாங்கப்பட்டு, ஒருபுறம் ஏற மறுபுறம் இறங்குகிறது. ‘சாய்ந்தாடு வில்’ என யோசித்தேன். ஆயினும் சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவான கேம்பருக்குச் ‘சக்கரச் சாய்வு’ என ஏற்கெனவே எழுதிவருவதால் இரண்டும் குழம்பலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் உங்களிடமிருந்து மாற்றுச்சொல்லை எதிர்பார்க்கிறேன்.