புதுப்பிப்பு: சாம் பிரெஸ்டி பற்றி நான் எழுதியது

2021 டிசம்பரில் மெம்பிஸிடம் 152-79 என்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் கூடைப்பந்து அணி தோற்ற அன்று ராத்திரி, அதன் பொது மேலாளர் (ஜிஎம்) பிரெஸ்டி மேல் கடுப்பில் ஒரு இழை (தொடர் பதிவு) போட்டிருந்தேன். "பிரெஸ்டி டிராஃப்ட் பிக் சேர்க்கிறார், டீம் சேர்க்கல" என்பதுதான் சாரம் (டிராஃப்ட் பிக் என்றால், வருஷாவருஷம் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் வாய்ப்பு). 73 புள்ளி வித்தியாசம், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வரலாற்றிலேயே மோசமான தோல்வி. கோபம் வராமல் இருக்குமா?

இப்போது 2025 கோப்பை ஓக்லஹோமாவில். அதனால் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

2019-ல் நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் அணிக்கு அனுப்பியதைத்தான் நான் சரியாகக் கணக்குப் போடவில்லை. பதிலுக்கு பிக்குகளோடு வந்த பையன் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், 2024-25 சீசன் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்). வந்த பிக்குகளில் ஒன்றுதான் 2022-ல் 12-வதாக எடுத்த ஜேலன் வில்லியம்ஸ். இறுதிச்சுற்று ஐந்தாவது ஆட்டத்தில் இண்டியானாவுக்கு எதிராக 40 அடித்தாரே, அவர்தான். ஒரே டிரேடில் (ஆட்டக்காரர் பரிமாற்றத்தில்) இரண்டு பேர்!

எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத லூ டோர்ட்டையும் கணக்கில் சேர்க்கணும். ஜாஷ் கிட்டி என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கியது தனி அழகு. தான் ஆறாவதாக எடுத்த பையன் பொருந்தவில்லை என்று ஒத்துக்கொள்ள எத்தனை ஜிஎம்முக்கு மனசு வரும்?

வாபஸ் வாங்காத பாதி: 2012-ல் ஜேம்ஸ் ஹார்டனை வேற அணிக்கு விட்டது தப்புதான். 2020-ல் எடுத்த பொக்குசெவ்ஸ்கியும் தேறவில்லை (எனக்கு அவரைப் பிடிக்கும், அது வேற விஷயம்).

பழைய பதிவை அழிக்கவில்லை. திட்டுவதற்கு வசதியாக அப்படியே இருக்கட்டும்.