மாடியில் முள்ளு கத்தரி, பூ உதிர்கிறது: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து பகலெல்லாம் டிவி முன்னால்தான். மாடியில் செடி வைக்க ஆரம்பித்த பிறகுதான் அவரிடம் பழைய சுறுசுறுப்பைப் பார்க்கிறேன். அவர் ஆசைப்பட்டது இலவம்பாடி முள்ளு கத்தரி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் கத்தரி. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதை விட்டால் வேறு இல்லை என்பது எங்கள் வீட்டு முடிவு.

குரோ பேக்கில் செடி நன்றாகவே வந்தது. வெயில் ஏறியதும் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்கிறது. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் கத்தரியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. அதனால் நிழல்வலை கட்ட நினைக்கிறோம். 35 சதவீதமா, 50 சதவீதமா? நிழல் கூடினால் காய்ப்பு குறையுமோ என்று அப்பாவுக்குக் கவலை.

அப்புறம், நுனித்தண்டு வாடித் தொங்குகிறது. பிளந்தால் உள்ளே புழு. தண்டுத் துளைப்பான்தான். வாடிய நுனியைக் கிள்ளி அழிக்கிறோம், வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளிக்கிறோம். சின்ன மாடியில் இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வைத்துப் பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

எனக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை. காலையில் தண்ணீர் ஊற்றுவது அப்பாதான். முழங்கால் வலியோடு அவர் குடம் தூக்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. குறைந்த செலவில் சொட்டுநீர் அமைத்தவர்கள் வேலூர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து பார்க்கிறேன்.