திருப்பூரில் டெய்லர் முதலாளி ஆவதெல்லாம் இனி நடக்குமா?

அவிநாசி ரோடு:
சித்தி மகன் பிளஸ் டூ முடித்ததும் பனியன் கம்பெனியில் சேர்ந்தான், இப்போது துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. அவன் அப்பா காலத்தில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தவர்களே டெய்லராகி, கட்டிங் மாஸ்டராகி, அப்புறம் நாலு மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார்கள், சிலர் எக்ஸ்போர்ட்டே செய்தார்கள். இவன் மட்டும் அதே மெஷினில். மெஷின் வந்ததாலா, வடக்கிலிருந்து ஆட்கள் வருவதாலா? வீட்டில் தினமும் இதே சண்டை.

நூல்கண்டு:
தையலை மெஷின் இன்னும் பறிக்கவில்லைங்க. நழுவுகிற பின்னல் துணியைப் பிடித்து ஓட்டக் கைதான் வேண்டும். பறிபோனது நடுப்படி. முன்பு அட்டையில் பேட்டர்ன் வெட்டி, துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டு, சாக்பீஸில் வரைந்து, எங்கே எவ்வளவு துணி மிச்சம் பிடிக்கலாம் என்று மனக்கணக்குப் போடுபவர் கட்டிங் மாஸ்டர், அந்தக் கணக்குக்குத்தான் அவருக்கு மரியாதையும் சம்பளமும். பெரிய கம்பெனிகளில் இன்று அதைக் கம்ப்யூட்டர் போடுகிறது. மேலே வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர், கீழே டெய்லர், செக்கிங், பேக்கிங். மெர்ச்சண்டைசராக டிகிரியும் இங்கிலீஷில் மெயில் எழுதவும் வேண்டும், டெய்லர் எப்படி ஏறுவார்? விதியாக எழுதிவிட முடிகிற வேலையைத்தான் கம்ப்யூட்டர் முதலில் எடுக்கும் என்று ஆட்டர், லெவி, மர்னேன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2003-லேயே சொன்னார்கள். பிரிட்டனில் நல்ல சம்பள வேலையும் அடிமட்ட வேலையும் பெருகி நடுவில் இளைத்ததை கூஸ், மானிங் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள்.

பவர் டேபிள்:
கம்ப்யூட்டர் மேலேயே எல்லாப் பழியையும் போடாதீர்கள். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை 2005-ல் முடிந்ததும் வெளிநாட்டு பையர்களுக்குப் பெரிய ஆர்டரை ஒரே இடத்தில் கொடுப்பது வசதியாகிவிட்டது, கூடவே அவர்கள் கேட்கும் ஆடிட், சர்டிபிகேட். பத்து மெஷின் வைத்திருப்பவருக்கு நேரடி ஆர்டர் கிடைப்பது கஷ்டம். ஏணியை எடுத்ததில் இதற்கும் பங்குண்டு.

வடக்கத்தியர் மேல் கோபப்படுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்து, ஹாஸ்டலில் படுத்து, அதே பீஸ் ரேட்டில்தான் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் மாறியது, படி மாறவில்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனதே, ஆர்டர் குறைந்தால் முதலில் போவது பீஸ் ரேட் ஆட்களின் ஷிப்டும் ஓவர்டைமும்தான், மாதச் சம்பளக்காரருக்கு அடி மெதுவாகத்தான் வரும். அந்த வரிக்கு முன்பே நாடு முழுக்க ஆள் விவசாயத்துக்குத் திரும்பிப் போனார்கள்: மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2018-19-ல் 42.5 சதவீதம், 2023-24-ல் 46.1. காடு கழனி கொழித்ததால் போனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நூல்கண்டு:
ஒத்துக்கொள்கிறேன், பையர் விஷயத்தை நான் விட்டுவிட்டேன். @அவிநாசி ரோடு, தம்பியை சாம்பிள் செக்‌ஷனில் கேட்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு முழு பீஸையும் தனியாளாக முடிக்கத் தெரிந்தவர் வேண்டும், லைனில் இருப்பதைவிட நல்ல சம்பளம் பேசலாம். ஓவர்லாக் மட்டும் போதாது, மடிப்புத் தையல் போடும் பேட்லாக், நேர்த்தையல் போடும் சிங்கர் மெஷின் இரண்டும் ஓட்டுவானா?

அவிநாசி ரோடு:
பேட்லாக் ஓட்டுவான். சிங்கரில் நேர்த்தையல் வரும், காலர் வைக்க வராதாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்கிறேன்.