"நீ அசல் ஜூன் கிளீவர்"னு சொன்னா: பாராட்டா, கிண்டலா?

எடிசன்_அக்கா
1998. அமெரிக்காவுக்கு ஹெச்-4ல, அதான் வீட்டுக்காரர் வேலை விசாவோட ஒட்டி வர்ற மனைவி விசா, அதுல வந்து எட்டு மாசம். வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது. மத்தியானம் ஆச்சுன்னா 'லீவ் இட் டு பீவர்' தான். 1957ல ஆரம்பிச்ச பழைய அமெரிக்க டிவி குடும்பத் தொடர். பீவர்ங்கிற சின்னப் பையன், அவன் அண்ணன், அப்பா வார்ட், அம்மா ஜூன் கிளீவர். எனக்கு அந்தப் பசங்களை விட அம்மாவைத்தான் பிடிக்கும். நிறுத்தி நிதானமா பேசுவாங்க, என் இங்கிலீஷ்ல பாதி அவங்க கிட்ட கத்துக்கிட்டது.

ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரர் ஆபீஸ் ஆளுங்க ரெண்டு குடும்பம் சாப்பிட வந்தாங்க. நான் அரக்குப் பட்டுப்புடவை, அத்தை கல்யாணத்துக்குப் போட்ட ஹைதராபாத் முத்து செட், அந்தக் கோலத்துல மெதுவடை சுட்டுக்கிட்டு இருக்கேன். வந்தவங்கள்ல ஒருத்தி கிச்சன் வாசல்ல ஜூஸ் டம்ளரோட நின்னு, தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்துட்டு, "நீ அசல் ஜூன் கிளீவர்"னு சொல்லிச் சிரிச்சா. எனக்குத் தலைகால் புரியல. அப்ப இருந்த போன் ரேட்டுல ஊருக்குக் கூப்பிட்டு அம்மா கிட்ட சொன்னேன்னா பாருங்க.

பல வருஷம் கழிச்சு இதைப் பெருமையா சொல்லப் போக, அப்ப ஹைஸ்கூல் படிச்ச என் பொண்ணு "அம்மா, அது திட்டும்மா"ங்கறா. அடுப்படியே கதின்னு கிடக்கிறவளை அப்படிச் சொல்வாங்களாம். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. எது அது?

கோவை_குமார்
அக்கா, உங்க பொண்ணு சொல்றது அரைகுறைங்க. ஜூன் முத்து மாலை போட்டுட்டு வீடு கூட்டறான்னு எல்லாரும் சிரிக்கறாங்க. ஜூனா நடிச்ச பார்பரா பில்லிங்ஸ்லிக்குக் கழுத்துல ஒரு குழி. கேமராவுல அது நிழலாத் தெரியும், அதை மறைக்கத்தான் முத்து. ஹீல்ஸும் அதே கதை. ஆரம்பத்துல தட்டைச் செருப்புதான், பசங்க ரெண்டு பேரும் மளமளன்னு வளர வளர அம்மா குள்ளமாத் தெரியக் கூடாதேன்னு ஹீல்ஸ் ஏத்துனாங்க. இதுல அடிமைத்தனம் எங்கீங்க வந்துச்சு?

என் கதை சின்னது. 2001, டெக்ஸாஸ்ல எம்எஸ். ரூம்ல 'ஏர்பிளேன்!' படம் போட்டாங்க. விமானத்துல ரெண்டு கறுப்பினப் பயணிகள் 'ஜைவ்'ங்கிற அவங்க கொச்சை இங்கிலீஷ் பேசறாங்க, பணிப்பெண்ணுக்கு ஒண்ணும் புரியல. ஒரு நாகரிகமான வெள்ளைக்காரப் பாட்டியம்மா எந்திரிச்சு, எனக்கு அந்தப் பாஷை தெரியும்னு அதே வேகத்துல பொரிஞ்சு தள்ளுது. ரூமே உருண்டு சிரிக்குது, நான் மட்டும் திருதிருன்னு முழிச்சுட்டு இருந்தேன். 234 எபிசோட் பார்த்தவனுக்குத்தானே அந்த ஜோக்? அந்தப் பாட்டியம்மா நம்ம பார்பரா பில்லிங்ஸ்லிதான்னு தெரிஞ்சதும் தனியா மறுபடி போட்டுப் பார்த்தேன். சிரிப்பு வந்துச்சு, ஆனா கூடச் சிரிக்க ஆள் இல்ல.

மீனா_டாலஸ்
குமார், கழுத்துக் குழியைச் சொன்னா ஆச்சா? திரையில அந்த அம்மா பொழுதன்னைக்கும் வீட்டுல இருந்துச்சு. நிஜத்துல அந்த நடிகை 1947ல விவாகரத்து ஆகி ரெண்டு பையன்களை வச்சுக்கிட்டு வேலைக்குப் போனவங்க. மறுமணம் பண்ணிக்கிட்ட டைரக்டர் ராய் கெல்லினோவும் 1956ல இறந்துட்டார். அடுத்த வருஷம் அக்டோபர்ல தொடர் ஆரம்பம். புருஷன் போன துக்கம் ஆறறதுக்குள்ள, "வார்ட், பீவரை நினைச்சாக் கவலையா இருக்கு"ன்னு ஒரு புருஷன் கிட்டச் சொல்லி நடிக்கணும். எங்க அம்மா பள்ளிக்கூட டீச்சர், அப்பா போன பதினஞ்சாம் நாள் சாக்பீஸ் எடுத்தவங்க. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஸ்காபரோ_வாசி
நான் முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். அங்க ஒரு அம்மா, எண்பதை நெருங்கிற வயசு, மறதி வருத்தம். காலமை சாப்பாடு குடுக்கேக்க ரிவியில இந்த நாடகம் போகும். சின்ன வயசில அமெரிக்காவின்ர பஃபலோ ஊர்ச் சனலில பார்த்தவ. மற்ற ஆக்கள் சிரிப்பினம், இவ சிரிக்கமாட்டா. ஒருநாள் ஜூன் பிள்ளையளுக்குப் பாலும் பிஸ்கட்டும் வைக்கிறா. இவ என்ர கையை இறுக்கிப் பிடிச்சு, "என்ர அம்மா ஃபக்டரியில வேலை. நான் அவவை இந்த மனிசி மாதிரி ஏன் இருக்கேல்லை எண்டு கேட்டனான்" எண்டா. பிறகு திரும்பத் திரும்ப, "கேட்டனான், கேட்டனான்." கரண்டியில கஞ்சி ஆறிப்போச்சு. நான் சனலை மாத்தேல்லை. மாத்தியிருக்க வேணுமோ தெரியேல்லை.

பழைய_ஆண்டெனா
எடிசன் அக்கா, முத்து செட்டைப் போட்டுக்கிட்டு எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கலாமா? முத்துக்கு சூடு ஆகாது, புளிப்பு ஆகாது, சென்ட் ஆகாது. அலங்காரம் எல்லாம் முடிச்சு கடைசியா போடணும், வீட்டுக்கு வந்ததும் முதல்ல கழட்டணும். லேசா ஈரமான மெத்துன்னு துணியால துடைச்சு, காய விட்டு, துணிப்பையில வைங்க. காத்துப் புகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டா வறண்டு போகும். நூல் தொய்ஞ்சா உடனே மாத்திக் கோக்கக் கொடுங்க, ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல முடிச்சுப் போடச் சொல்லுங்க, அறுந்தாலும் சிதறாது. ஹைதராபாத் போனா சார்மினார் பக்கத்துலயே செய்வாங்க. அப்புறம், பொண்ணுக்கு முதல் சீசன்ல இருந்து போட்டுக் காட்டுங்க. பசங்க முதலைக்குட்டியைக் கழிப்பறைத் தொட்டியில ஒளிச்சு வைக்கிற எபிசோட் கட்டாயம். அந்தக் காலத்து சென்சார் கழிப்பறைக் கோப்பையைக் காட்ட விடல, மேல இருக்கிற தண்ணித் தொட்டியை மட்டும்தான் விட்டாங்க.

என் அனுபவம்: சின்ன வயசுல 'மப்பெட் பேபீஸ்' கார்ட்டூன். அந்த நேன்னிக்குப் பச்சை வெள்ளைக் கோடு போட்ட ஸ்டாக்கிங்ஸ் மட்டும்தான் தெரியும், முகம் வராது. அந்தக் குரல் பார்பரா பில்லிங்ஸ்லியோடதுன்னு அவங்க 2010ல இறந்தப்ப வந்த செய்தியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. முகம் இதுதானான்னு போட்டோவையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கோவை_குமார்
மீனா மேடம், நானும் அதையேதானுங்க சொல்றேன். நடிகை வேற, வேஷம் வேற.

மீனா_டாலஸ்
இல்லை, நீங்க அதைச் சொல்லல. மேலே போய்ப் படிச்சுப் பாருங்க.

எடிசன்_அக்கா
ஸ்காபரோ தங்கச்சி எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எதுவும் எழுதத் தோணல.

தொடர்ல பீவர் அண்ணனோட சிநேகிதன் எட்டி ஹாஸ்கெல் ஞாபகம் இருக்கா? வாசல்ல நின்னு "டிரஸ் ரொம்ப அழகா இருக்கு மிசஸ் கிளீவர்"னு குழைவானே. ஜூன் அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு ஒரு பார்வை பார்ப்பாங்க, அவன் சங்கதி எல்லாம் தெரியும்ங்கிற மாதிரி. அந்த மாதிரி ஒரு பார்வை நான் அன்னைக்கு அவளைப் பார்க்காம விட்டுட்டேன். பதிலுக்கு நாலு வடை கூடுதலா வச்சேன், அதையும் சாப்பிட்டா.

ஆண்டெனா, செட் இப்ப பொண்ணு கிட்ட இருக்கு. பிளாஸ்டிக் டப்பாவுலதான்னு நினைக்கிறேன். இன்னைக்கு ராத்திரி போன் பண்றேன்.