உட்கார்ந்து எழும்போது வால் எலும்பில் வலி: ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கடலோரத்தான், தங்கச்சிமடம்:
வணக்கம். எனக்கு வயது 41. மூன்று மாதங்களுக்கு முன் கரை திரும்பும்போது அலை தூக்கிப் போட்டதில், நாட்டுப்படகின் குறுக்குப் பலகையில் பிட்டம் மோத விழுந்தேன். அன்று பெரிதாகத் தெரியவில்லை. இப்போது மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துவிட்டு எழும் அந்த நொடியில் உயிர் போகிறது. நடந்தால் வலி இல்லை. அம்மா சுளுக்கு எடுப்பவரிடம் போகச் சொல்கிறார். தம்பியோ ஜவ்வு விலகல் என்கிறான். எது சரி?

பிஸியோதெரபிஸ்ட், ராமநாதபுரம்:
அண்ணன், எழும்போது வலி குத்துவதும் நடக்கும்போது தணிவதும் வால் எலும்பு வலியின் இயல்பு. முதுகுத்தண்டின் நுனியில் 3 முதல் 5 சிறு எலும்புகள் சேர்ந்த அந்தப் பகுதி, நாம் பின்னால் சாய்ந்து உட்காரும்போது கூடுதல் எடையைத் தாங்குகிறது. அடிபட்டதில் அது பிசகியிருக்கலாம், கீறல் விட்டிருக்கலாம், அல்லது சுற்றியுள்ள தசைநார் மட்டும் கன்றியிருக்கலாம். ஜவ்வு விலகலில் வலி பெரும்பாலும் இடுப்பிலிருந்து தொடை வழியாகக் காலுக்கு இறங்கும். குனிந்தாலும் இருமினாலும் கூடும். வலிக்கும் இடத்தை, பிட்டப் பிளவுக்குள், ஒரே விரலால் உங்களால் தொட்டுக் காட்ட முடிகிறதா? முடிந்தால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர் சொல்வார். சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் போகலாம் என்பதால், உட்கார்ந்த நிலையிலும் ஒன்று எடுக்கச் சொல்வதுண்டு. கீறல் உண்டா என்று தெரியாத எலும்பைச் சுளுக்கு என்று இழுத்துவிட ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

பாசிக்காரி, மண்டபம்:
எனக்கு இரண்டாவது பிரசவத்திற்குப் பிறகு இதே வலி வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் என்றார் மருத்துவர். நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணை எனக்கு உதவவில்லை. கனமான ஸ்பாஞ்சு ஒன்றில் பின்பக்கம் மட்டும் ஒரு கை அகலத்திற்கு அரிவாள்மனையால் வெட்டியெடுத்து, வால் எலும்பு எதிலும் படாதபடி உட்கார்ந்த பிறகே மூச்சு வந்தது. மலச்சிக்கல் இருந்தால் முக்குவதே வலியைக் கூட்டும். தண்ணீரையும் கீரையையும் விடாதீர்கள். கடலுக்குள் குனிந்து பாசி எடுத்துவிட்டு வரும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது வேறு வலி, அது படுத்தால் தணிந்துவிடும்.

செவிலியர், கீழக்கரை:
ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த இடத்தில் வீக்கமோ சீழோ இருந்தால் அது எலும்பு வலியாக இல்லாமலும் இருக்கலாம். முடி உள்ளே புதைந்து உண்டாகும் பிலோனிடல் சைனஸாக இருக்கலாம். வாடகை வேன் ஓட்டும் எங்கள் வீட்டுப் பையன் அதை மூலம் என்று நினைத்து, வெட்கப்பட்டு மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். அது அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியது. சிறுநீர், மலம் அடக்க முடியாமற்போனாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, பிட்டமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிவது, இரவில் படுத்தாலும் விடாத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

கடலோரத்தான்:
அனைவருக்கும் நன்றி. மரத்துப்போதலும் சீழும் இல்லை. விரலால் இடத்தைக் காட்ட முடிகிறது. திங்கட்கிழமை எலும்பு மருத்துவரிடம் போகிறேன். அதுவரை கடலுக்குப் போகலாமா?

பிஸியோதெரபிஸ்ட், ராமநாதபுரம்:
படகின் பலகை ஒவ்வோர் அலைக்கும் அதே இடத்தில்தான் அடிக்கும், அண்ணன். திங்கள்வரை கரையிலேயே இருங்கள். வலை தைப்பதானால் முக்காலியில் அந்த ஸ்பாஞ்சைப் போட்டு, முன்னால் சற்றுச் சாய்ந்து உட்காருங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.