போஃபர்ஸ் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வைகைக்கரை:
நம் ராணுவத்துக்கு ஸ்வீடனின் போஃபர்ஸ் கம்பெனியிடம் பீரங்கி வாங்கிய பேரத்தில் கமிஷன் கைமாறியது என்று 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி சொன்னபோது நான் மதுரையில் கல்லூரி மாணவன். சூடு பிடித்தது மறுவருஷம், 'தி இந்து' ஆவணங்களை வெளியிட ஆரம்பித்த பிறகுதான். விடுதிக்கு வருவது ஒரே பிரதி, அதற்கு அடிதடி. 1,437 கோடி ஒப்பந்தம், 64 கோடி கமிஷன் என்ற இரண்டு எண்களும் எங்களுக்கு மனப்பாடம். ராஜீவ் அரசு தேறாது என்று அடித்துச் சொன்னோம்.

தேறவில்லைதான். ஆனால் அதில் எங்கள் ஊர் ஓட்டுக்குப் பங்கே இல்லை! 1989 நவம்பரில் நான் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவன். போஃபர்ஸ் என்று வாயெடுத்தாலே, "அதெல்லாம் டெல்லி சமாச்சாரம் தம்பி, ரெட்டை இலை எந்தப் பக்கம்?" என்பார்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் உடைந்த அதிமுக ஒன்றாகி, சின்னத்தையும் மீட்டு, காங்கிரஸோடு நின்ற வருஷம் அது. 39 தொகுதிகளில் காங்கிரஸுக்கு 27, அதிமுகவுக்கு 11. அதே வருஷம் ஜனவரியில் மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த திமுகவுக்குப் பூஜ்யம். மக்களவையில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத அந்தக் கட்சியிலிருந்து, மாநிலங்களவையில் இருந்த முரசொலி மாறன், ராஜீவுக்குப் பின் பிரதமரான வி.பி. சிங்கின் கேபினட்டில் அமைச்சரானார். அரசியல் கணக்கே தனி.

பம்ரௌலி:
நான் பார்த்தது நேர் எதிர். விமானப்படை வேலையில் அலகாபாத்தில் இருந்தேன். அமிதாப் பச்சன் எம்.பி. பதவியை விட்டதால் 1988 ஜூனில் இடைத்தேர்தல். ராஜீவின் அமைச்சரவையிலிருந்து விலகி அவரை எதிர்த்து நின்ற வி.பி. சிங், கொளுத்தும் வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுக் கேட்டார். காங்கிரஸ் நிறுத்தியது லால் பகதூர் சாஸ்திரியின் மகனை. அப்படியும் வி.பி. சிங்தான் ஜெயித்தார். "கலி கலி மே ஷோர் ஹை, ராஜீவ் காந்தி சோர் ஹை" என்று பொடியன்கள்கூட கத்திக்கொண்டு ஓடுவார்கள். தெருவெல்லாம் ஒரே கூச்சல், ராஜீவ் திருடன் என்பதாம். (அவர் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் அவர் இறந்து 13 வருஷம்.) 1984இல் 400 இடங்களைத் தாண்டிய கட்சி 197க்கு இறங்கியது இந்த வடக்கத்திய தெருக்களில்தான்.

பீரங்கிக்காரன்:
அரசியலை விடுங்கள். அந்தப் பீரங்கியில் வேலை செய்தவன் நான். கார்கிலில் மலை உச்சிகளை அடிக்க எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். பீரங்கியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் வைத்துவிட்டதால் உதிரிபாகத்துக்குத்தான் திண்டாட்டம், ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் போடுவோம். அப்புறம் எந்த அரசு வந்தாலும் பீரங்கிக் கோப்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அடுத்த வெளிநாட்டுப் பீரங்கி வந்து இறங்கியபோது வருஷம் 2017. நான் ஓய்வு பெற்று, பேரனைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தேன்.