கொட்டான் உறை, கண்டாங்கிப் போர்வை: கைவேலை தந்த சந்திப்புகள்

காரைக்குடியிலிருந்து:

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூணையும் எனாமல் தூக்கையும்தான் தேடுவார்கள். நான் கடை மூலையில் மூட்டையாகக் கிடக்கும் துணிகளைக் கிளறுவேன். அப்படிக் கிளறியபோது கொக்கி ஊசியால் பின்னிய ஒரு குரோஷா உறை கிடைத்தது. கொட்டான் என்கிற ஓலைக் கூடைக்குப் போடுகிற உறை. உள்ளே இருந்த ஓலைக் கொட்டான் எப்போதோ போய்விட்டது. வெள்ளை நூல் பழுப்பேறியிருந்தது. நான்கு பக்கமும் பச்சை மணியில் கிளி, அலகுக்கு ஒரே ஒரு சிவப்பு மணி.

என் ஆயாவிடம், அதாவது அம்மாவைப் பெற்றவரிடம், கொண்டுபோய்க் காட்டினேன். ஆயா கிளியைக் கண்டுகொள்ளவே இல்லை. உறையை உள்புறம் வெளியே வரும்படி புரட்டினார். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, நகத்தால் ஒரு கண்ணியைத் தூக்கிப் பார்த்தார். "இது இரண்டு பேர் போட்டது" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து உறையின் அடிப்பாகத்தில் வைத்துத் தடவச் செய்தார். கண்ணிகள் நெருக்கமாக, விறைப்பாக இருந்தன. மணி தொடங்கும் வரிசைக்கு விரலை நகர்த்தியதும் பின்னல் சட்டென்று மெத்தென்றானது. "அடியைப் போட்டவள் நூலை இழுத்துப் பிடிக்கிறவள். மேலே போட்டவளுக்கு இளகின கை. அம்மாவும் மகளுமாக இருக்கும், இல்லையென்றால் ஒரே வளவில், அதாவது ஒரே பெரிய வீட்டில், இருந்த இரண்டு ஆச்சிகளாக இருக்கும்."

செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டான் என்பது பனையோலையைக் காயவைத்து, மெல்லிய கீற்றுகளாக வாரி, சாயம் தோய்த்து முடைகிற கூடை. விசேஷ வீடுகளில் இதில்தான் பொருள் வைத்துக் கொடுப்பார்கள். அதன்மேல் குரோஷா, மணி, வெல்வெட் என்று அலங்காரம் செய்வது இங்குள்ள ஆச்சிமாரின் கைவண்ணம். பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு முடைகிறவர்கள் அருகிப்போனார்கள். எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

அந்த உறையைப் பார்த்து நானும் ஒன்று போட உட்கார்ந்தபோதுதான் அதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புரிந்தது. கொட்டானின் அடி சதுரம், வாய் வட்டம். ஆகவே உறையின் அடியைச் சதுரமாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று நான்கு மூலைகளில் மட்டும் கண்ணி கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஓலையின் விளிம்பு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால் பின்னல் தானாக மேலே எழும்பத் தொடங்கும்.

மணி வேலை இன்னும் சுவையானது. மணிகளை முதலிலேயே நூலில் கோத்துக்கொள்ள வேண்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். கடைசியாகக் கோத்த மணிதான் முதலில் ஊசிக்கு வரும். கோக்கும்போது கிளியின் கொண்டையில் தொடங்கிக் காலில் முடித்தால்தான் பின்னும்போது கால் முதலில் வரும். குட்டைக் கண்ணி (சிங்கிள் குரோஷே) என்கிற எளிய பின்னலில் மணி எப்போதும் பின்பக்கமாகவே விழும் என்பதால், போடுகிறவர் கண்ணுக்கு வெறும் நூல்தான் தெரியும். சில வரிசைகளுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கும்போது, போன தடவை கால் மட்டும் இருந்த இடத்தில் இப்போது வயிறும் இறக்கையும் வந்திருக்கும். அந்தத் திருப்பலுக்காகவே இரவு வெகுநேரம் விழித்திருக்கலாம்.

முடித்ததும் ஆயாவிடம் நீட்டினேன். வழக்கம்போலப் புரட்டினார். "உனக்கும் இறுக்கிப் பிடிக்கிற கைதான். உன் ஆத்தாவுக்கும் அதுதான்" என்றார். அம்மா ஊசி பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆயா எழுந்துபோய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துவந்தார். ஓரத்தில் அம்மா பள்ளி நாளில் பின்னிய லேஸ். என் பின்னலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கம், அதே சிக்கனமான கண்ணிகள். எனக்கு யாரும் அப்படிப் பிடிக்கச் சொல்லித்தரவில்லை.

இப்படி ஒரு கைவேலை மூலம் யாரையாவது நீங்கள் சந்தித்திருந்தால் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

நான் ஆண். மதுரை பஸ்ஸில் குரோஷா போட்டுக்கொண்டு போவேன். சிலர் உற்றுப் பார்ப்பார்கள், பழகிவிட்டது. ஒருநாள் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஒருவர், திருப்பத்தூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நூலை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள். பிறகு ஆள்காட்டி விரல் மேலாக விடு" என்றார். அப்படியே செய்தேன். நூல் தேவைக்கு மேல் ஓடாமல், தேவைக்குக் குறையாமல் வந்தது. காணொளிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் நம் விரலைப் பிடித்துச் சுற்றிவிடும்போது கைக்கே புரிந்துவிடுகிறது. அவர் இறங்கும்போது ஒரு வரிசையை அவரே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் துண்டை இன்னும் பிரிக்கவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

எனக்குக் குரோஷா வராது, தையல்தான். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்தேன். கண்டாங்கியைப் போலப் போர்வைக்கு ஏற்ற துணி வேறு இல்லை என்று அடித்துச் சொல்வேன். புதிதில் கெட்டியாக இருக்கும் பருத்தி, வருடக்கணக்கில் துவைத்த பிறகு கன்னத்தில் ஒற்றிக்கொள்ளலாம் போலாகிவிடும். கட்டமும் கோடும் போட்ட சேலை என்பதால் தையலுக்குத் தனியாகக் கோடு கிழிக்க வேண்டியதில்லை. கட்டத்தின் வரியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுத்தையல் போட்டால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: அடுக்குகளைத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, முதலில் கச்சாத் தையலால் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் போய்க் குவியும்.

சந்திப்புக்கு வருகிறேன். புதுக் கண்டாங்கி வாங்கக் காரைக்குடியில் நெசவாளர் ஒருவரிடம் போனபோது, கரை நிறம் காட்டுவதற்காக இந்தப் போர்வையை எடுத்துப்போயிருந்தேன். அவர் சேலைகளை விட்டுவிட்டுப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டார். அரக்குக் கரை ஓரிடத்தில் மட்டும் பிசிறியிருந்தது. நான் அதைப் பழுது என்று நினைத்து உள்பக்கமாக மடித்துத் தைத்திருந்தேன். அவர் மடிப்பை விரலால் தடவி, "இது குதிகால் பட்ட இடம். ஓயாமல் நடமாடுகிற மனுஷியாக இருந்திருப்பார்" என்றார். உண்மைதான். முகப்பிலிருந்து அடுப்படிவரை அந்த நீண்ட வீட்டை ஒரு நாளில் எத்தனை முறை நடப்பார் என்று கணக்கே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அந்த மடிப்பைப் பிரித்து, பிசிறு வெளியே தெரியும்படி மேலே சின்னச் சின்னத் தையலாகப் போட்டு நிறுத்தினேன். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தபோது எங்கள் வீட்டில் அந்தப் போர்வையைத்தான் எல்லோரும் எடுத்துப் பார்த்தோம்.

சிவகங்கையிலிருந்து:

எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தேன். என்னிடமும் ஒரு பழைய மணி உறை இருக்கிறது. அழுக்கேறிவிட்டது. துவைக்கலாமா? சலவைக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து:

சலவைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் ஈரப் பஞ்சால் ஒவ்வொரு நிற மணியையும் தொட்டுப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் சற்று நேரம் மூழ்கவிடுங்கள். கசக்கவோ பிழியவோ கூடாது. மணியின் கனத்திலேயே பழைய நூல் அறுந்துவிடும். உள்ளங்கையில் ஏந்தி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துண்டுக்குள் வைத்து அமுக்குங்கள். கொஞ்சம் நீர்த்த சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, கொட்டான் அளவுள்ள கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் உள்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஆயாவிடம் காட்டி எத்தனை பேர் போட்டது என்று கேட்டுச் சொல்கிறேன்.